தில்லையண்ணையின் மூக்கு லொறி

தொழிற்பயிற்சி நிலையத்தில் கனரக வாகனப் பாடம் எடுக்கும் துவாரகா ரீச்சர், ஓய்வுபெற்ற மெக்கானிக்கான என்னிடம் கேட்டது நான்கு பக்கக் குறிப்பு மட்டுந்தான். பழைய லொறி ஒன்று கைக்கு வந்தால் அது எந்தக் காலத்தில் செய்தது, அதன் உண்மையான இலக்கம் எது என்று கண்டுபிடிக்கும் முறையை வரிசையாக எழுதித் தரவேண்டும். இப்போதைய லொறிகளில் ஒரு வயரைச் செருகினால் வண்டியே தன் சாதகத்தைச் சொல்லிவிடுகிறது. பழையவற்றில் செருகுவதற்கு இடமே இல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களும் விடுதி நடத்துகிறவர்களும் பழைய லொறிகளைத் தேடி வாங்கத் தொடங்கிய பிறகு அவருடைய மாணவர்களுக்கு அந்த வேலை வருகிறது. சொல்லிக்கொடுக்கப் புத்தகம் இல்லை.

எழுதிக் கொடுத்தேன். அவர் ஆறுதலாக இருந்து வாசித்தார். எல்லாம் விளங்குகிறது, ஒன்று மட்டும் குறைகிறது என்றார்.

"சேர், நீங்கள் பிழைவிட்ட இடம் ஒண்டும் இதிலை இல்லையே. பிள்ளையள் அதைத்தான் முதல் கேப்பினம்."

அதற்குப் பிறகு இரண்டு கிழமை நான் பேனாவைத் தொடவில்லை. இப்போது எழுதுவது அந்தக் கேள்விக்கான பதில். நான்கு பக்கத்தில் அடங்காது.

நெல்லியடிச் சந்திக்கு அப்பால், வீதிக்கரையில் இருந்த, வாகனம் திருத்தும் ஒரு கராச்சில் பதினெட்டு வயதில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடமும் சில்லுக் கழற்றிக் கிறீஸ் பூசினேன். அடுத்த மூன்று வருடம் என்ஜின் இறக்கினேன், ஏற்றினேன். அதைப்பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆறாம் வருடம் எங்கள் தலைமை மெக்கானிக் சபா பாஸ் என்னைத் தன்னோடு லொறிக்குக் கீழே படுக்கவிட்டார். என் தொழில் அங்கேதான் தொடங்கியது.

சபா பாஸ் உயரமான, மெலிந்த மனிதர். அவர் சத்தம் போட்டதை நான் கேட்டதில்லை. ஒரு லொறியைப் பார்த்து முடித்தால் உடனே வாய் திறக்கமாட்டார். கிணற்றடிக்குப் போய் முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவி, துவாயால் துடைத்து, ஸ்ரூலில் இருந்து கொப்பியில் பென்சிலால் எழுதுவார். அதுவரை லொறிக்காரர் கால்மாற்றிக் கால்மாற்றி நிற்பார். எந்த வருடத்து வண்டி என்று அவசரப்படுத்தினால், போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வரச்சொல்லுவார். எங்களிடம் ஏதாவது விசாரித்தால் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். பதில் சொல்லும்போது முகத்தைப் பார்க்கமாட்டார், கையைப் பார்ப்பார்.

அவரிடம் நான் படித்தது இதுதான். என்ஜின் மாறும். முன்கூடு மாறும். பின்பெட்டி மாறும். கதவடியில் அறைந்திருக்கும் தகட்டை ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம். மாறாதவை கீழே நீளத்துக்கு ஓடும் இரண்டு இரும்புச் சட்டங்கள். சேசிஸ் என்போம். லொறி என்பது அந்தச் சட்டந்தான், மற்றதெல்லாம் அதன்மேல் ஏறி இறங்குபவை.

இலக்கம் அநேகமாக வலதுபக்கச் சட்டத்தில், முன் ஸ்பிறிங்குக்குக் கிட்ட அடித்திருக்கும். முதலில் மண்ணெண்ணெய்த் துணியால் ஊறவைக்க வேண்டும். கம்பித் தூரிகையை அழுத்தாமல் பாவிக்க வேண்டும். காய்ந்தபிறகு வெண்கட்டித் தூளைத் தடவி மேலால் துடைத்தால் பள்ளத்துக்குள் வெள்ளை நிற்கும். அதன்மேல் பட்டம் கட்டும் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சரித்துத் தேய்த்தால் இலக்கம் தாளில் ஏறிவிடும். பிறகு இரும்பு அடிமட்டத்தை அந்த இடத்தில் நிமிர்த்திப் பிடித்து, பின்னால் ரோச் வெளிச்சம் காட்ட வேண்டும். அடிமட்டத்துக்குக் கீழே வெளிச்சம் கசிந்தால் யாரோ அந்த இடத்தை அராவியிருக்கிறார்கள். அப்படியென்றால் கண்ணுக்குத் தெரியும் இலக்கம் பொய்.

ஒருமுறை இரண்டு சகோதரர்கள் ஒரே லொறிக்குச் சண்டைபிடித்துக்கொண்டு வந்தார்கள். இருவரிடமும் பத்திரம் இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் சொல்லியும் தீரவில்லை. பாஸ் கீழே படுத்து ஒரு மணித்தியாலம் பார்த்தார். கழுவினார், எழுதினார். நடுவில் எங்கோ இரண்டு லொறிகளின் சட்டங்களை வெட்டி ஒட்டியிருந்தார்கள். முன்பாதி தம்பியுடையது, பின்பாதி அண்ணனுடையது. இருவரும் சொன்னது உண்மை. அன்றைக்குத்தான் அவர் எனக்கு நீளமாக ஒன்று சொன்னார்.

"பாத்த உடனை மனசிலை ஒரு பதில் வரும், ராசன். அது லொறி சொல்லுறேல்லை. உன்ரை ஆசையோ பயமோ சொல்லுறது. மூண்டு அடையாளம் கிடைக்கும்வரைக்கும் வாயைத் திறவாதை."

இனித் தில்லையண்ணைக்கு வருகிறேன்.

தில்லையம்பலம் என்ற தில்லையண்ணை உடுப்பிட்டிக்காரர். நாங்களும் அதே ஒழுங்கை, அதே சின்னத் தெரு. என்னைவிட எட்டு வயது கூட. சொந்தமாக ஒரு மூக்கு லொறி வைத்திருந்தார். என்ஜின் முன்கூட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பழைய ஆங்கிலேய லொறிகளை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வெங்காயமும் புகையிலையும் ஏற்றிக்கொண்டு வன்னிப் பக்கம் போவார், நெல்லோடு திரும்புவார். லொறி வீட்டில் நிற்கும் சனிக்கிழமைகளில் நான் அவருடைய வீட்டில்தான் சாப்பிடுவேன். அவருடைய மனைவி பூமணி அக்கா எனக்கென்று மீன்தலை எடுத்துவைப்பார்.

போர் மூண்டு, குடாநாட்டுக்குள் சாமான் வராத காலம் வந்தது. பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். வெல்டிங் செய்ய மின்சாரம் இல்லை. தில்லையண்ணையின் லொறியில் பின் ஸ்பிறிங்கைத் தாங்கும் இரும்பு வெடித்தபோது, கழற்றிக் கிடந்த தண்டவாளத்தின் இணைப்புத் தகடு ஒன்றை வெட்டி நான்கு போல்ற் போட்டு இறுக்கினேன். ஒரு துளை சரியான இடத்தில் விழவில்லை. அரத்தால் அராவி நீளமாக்கினேன்.

அடுத்த வருடம் பிறேக் போனது. பெடலை மிதித்தால் எண்ணெய் குழாய்வழியே ஓடி ஒவ்வொரு சில்லிலும் பிறேக்கைத் தள்ளும். அந்த எண்ணெயைக் கசியாமல் மறிப்பது கப் என்று நாங்கள் சொல்லும் சின்ன றப்பர்க் கிண்ணம். ஒரு கப் விட்டால் நான்கு சில்லுக்கும் பிறேக் இல்லை. கப்பும் இல்லை, பிறேக் எண்ணெயும் இல்லை. பாஸ் ஆமணக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்து எண்ணெய் செய்தார். லொறி ரயரின் தடித்த றப்பரை வெட்டி, எமறித் தாளில் தேய்த்துத் தேய்த்து நான் கப் செய்தேன். ஒவ்வொன்றுக்கும் அரைநாள் பிடித்தது.

அப்படிச் செய்த பிறேக்குக்குப் பாஸ் ஒரு விதி வைத்திருந்தார். எல்லாம் பூட்டி முடிந்தபிறகு சீற்றுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை இறுக்கி, பெடலை மிதித்தபடியே விடியும்வரை விடவேண்டும். காலையில் ஒவ்வொரு சில்லாகத் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு துளி ஈரம் இருந்தாலும் திரும்பக் கழற்ற வேண்டும்.

வேலை முடிந்த அன்று பாஸ் ஒரு செத்தவீட்டுக்காகத் தென்மராட்சிக்குப் போய்விட்டார். போகும்போது, கட்டை விடியும்வரை இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பின்னேரம் தில்லையண்ணை வந்தார். வெங்காயம் ஏற்றியாகிவிட்டது. நாளைக்குப் பாதை இருக்குமோ, பூட்டுவார்களோ தெரியாது என்றார். அரைமணித்தியாலம் கட்டையை வைத்துப் பார்ப்போம், அது காணும் என்றார். நான் முதலில் மாட்டேன் என்றேன். அவர் கெஞ்சவில்லை, என் தோளில் கையை வைத்துக்கொண்டு வெறுமனே நின்றார். அரைமணித்தியாலம் வைத்தோம். ஈரம் இல்லை. அவர் போய்விட்டார்.

மறுநாள் காலை பாஸ் கேட்டார். "கட்டை விடியும்வரைக்கும் இருந்ததே?"

"ஓம் பாஸ்."

அவர் என் கையைப் பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை.

தில்லையண்ணை திரும்பி வரவில்லை. ஐந்து நாளில் வரவேண்டியவர் பத்து நாளாகியும் வரவில்லை, ஒரு மாதமாகியும் வரவில்லை. லொறி எரிந்து கிடந்ததைக் கண்டதாக ஒருவர் சொன்னார். ஆளைப் பிடித்துக்கொண்டு போனதாக இன்னொருவர் சொன்னார். அந்தக் காலத்தில் காணாமல்போன ஒருவரைப் பற்றி யாரும் எதுவும் சொல்லலாம், எதையும் பொய்யென்று சொல்ல முடியாது. ஊர் முழுக்க அவரைப் போர் கொண்டுபோய்விட்டது என்று நினைத்தது. எனக்கு மட்டும் வேறொரு காட்சி வந்துகொண்டிருந்தது. குளக்கட்டு ஓரம் ஒரு வளைவு. பாரம் ஏற்றிய லொறி. பெடல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் அடிவரை இறங்குகிறது.

பூமணி அக்கா இரண்டுமுறை கராச்சுக்கு வந்து பாஸிடம் விசாரித்தார். இரண்டுமுறையும் நான் வேறொரு லொறிக்குக் கீழே படுத்திருந்தேன். என் கால்கள் அவருக்குத் தெரிந்திருக்கும். நான் வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு அவருடைய வீட்டுக்குப் போகவேயில்லை. கலியாணம் முடித்தேன், வேறு ஒழுங்கைக்குக் குடிபோனேன், பிள்ளைகள் பிறந்தார்கள், இடம்பெயர்ந்தோம், திரும்பி வந்தோம். நெல்லியடிச் சந்தையில் அவரைத் தூரத்தில் கண்டால் சைக்கிளைத் திருப்பிவிடுவேன். கோயிலில் கண்டால் பின்வாசலால் வெளியேறுவேன். நான் பூட்டிய ஒவ்வொரு பிறேக்கையும் இரண்டு முறை, மூன்று முறை சோதித்தேன். சில நாட்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட இருந்தவன், ஒரு நட்டை இறுக்கினேனோ என்று திரும்பிச் சைக்கிளை எடுத்திருக்கிறேன். லொறிக்காரர்கள் என்னை மிகக் கவனமான மனிதர் என்றார்கள். என் பயத்துக்கு அவர்கள் வைத்த பெயர் அது.

பாஸ் படுக்கையில் விழுந்த கடைசிக் கிழமைகளில் நான்தான் அடிக்கடி போய் இருந்தேன். தன்னுடைய கொப்பிகளை எல்லாம் எனக்கென்று கட்டிவைத்திருந்தார். கட்டையைப் பற்றிச் சொல்ல எத்தனையோ தருணம் இருந்தது. சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், நல்லூரில் விருந்தினர் விடுதி நடத்தும் கஜன் என்ற பிள்ளை ஒரு பழைய மூக்கு லொறியைப் வேறொரு லொறியில் ஏற்றிக்கொண்டு எங்கள் கராச்சுக்கு வந்தார். வெளிநாட்டில் வளர்ந்து திரும்பி வந்தவர், மரியாதையான பிள்ளை. வவுனியாவில் ஒரு பழைய இரும்பு வியாபாரியிடம் வாங்கியிருந்தார். அதைப் புதுப்பித்து விடுதி முற்றத்தில் நிறுத்தவேண்டும். நல்லூர்க் கோயில் கொடியேற்றத்துக்கு முன் முடித்துத் தரவேண்டும் என்றார். பழைய பூச்சை எடுக்க மணல் அடிக்கும் ஆட்களுக்கும் நாள் குறித்துவிட்டார்.

வண்டியைச் சுற்றி வந்தபோதே அது பத்திரத்தில் சொன்ன வண்டி இல்லை என்று தெரிந்தது. கதவடித் தகட்டைப் பிடித்திருந்த ஆணிகள் பிற்காலத்தவை. சட்டத்தில் இலக்கம் இருந்த இடத்தில் அடிமட்டத்தை நிமிர்த்தினேன். கீழால் வெளிச்சம் வந்தது. யாரோ அராவிவிட்டு வேறு இலக்கத்தைக் கையால் அடித்திருந்தார்கள், எழுத்துகள் ஏறியிறங்கி நின்றன. இதைக் கஜனிடம் சொன்னேன். அவர் பதறவில்லை. உண்மையான வண்டி எது என்று கண்டுபிடித்தால் நல்லது, நாளை மட்டும் தவறவிட வேண்டாம் என்றார்.

மூன்றாம் நாள் பின் ஸ்பிறிங் பக்கத்து அழுக்கைச் சுரண்டினேன். மண்ணும் கிறீஸும் கட்டியாகக் கழன்று விழுந்தன. உள்ளே தண்டவாளத் தகடு. நான்கு போல்ற். ஒரு துளை நீளம்.

தூரிகையைக் கீழே வைத்தேன். மற்றவர்களிடம் இடுப்புப் பிடித்துவிட்டது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

பாஸின் விதி எனக்கு ஒரு ஒளிப்பிடம் தந்தது. ஒரு அடையாளம் போதாது அல்லவா? தண்டவாளத் தகட்டை அந்தக் காலத்தில் வேறு யாரும் பாவித்திருக்கலாம். இரண்டாவதைத் தேடினேன். பாஸின் கொப்பிகளில் ஒன்றில் தில்லையண்ணையின் லொறிச் சட்ட இலக்கம், பட்டத்தாளில் தேய்த்து ஒட்டியபடி இருந்தது. அராவிய இலக்கம் இரும்பின் அடியில் கொஞ்சம் தங்கியிருக்கும். ஆழமாக அடித்த இடத்தில் இரும்பு இறுகிப்போயிருப்பதால், மினுக்கிய பிறகு வலுக்குறைந்த அமிலத்தைப் பஞ்சில் தொட்டு மெல்லத் தடவினால் பழைய எழுத்துகள் மங்கலாகக் கிளம்பும். கொஞ்ச நேரந்தான் நிற்கும். மற்றவர்கள் சாப்பிடப்போன நேரங்களில் நான்கு நாளாகத் தடவினேன். ஏழு எழுத்தில் ஐந்து வந்தது. ஐந்தும் கொப்பியோடு ஒத்தது.

மூன்றாவதைத் தேடவே தேவையில்லாமல் போனது. சாரதி இருக்கையைக் கழற்றியபோது அடியில் இருக்கையைத் தாங்கும் பனஞ்சிலாகை ஒன்று. தொழிற்சாலையில் பூட்டியிருந்த மரம் உக்கியபோது தில்லையண்ணைக்கு நான் சீவிப் போட்டது. அதில் என் பென்சில் அளவு அப்படியே இருந்தது.

மூன்று அடையாளம் கிடைத்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை. இதுதான் ரீச்சர் கேட்ட பிழை. சொன்னால் பூமணி அக்காவிடம் போகவேண்டும். அவர் முதலில் கேட்பது, எங்கே கிடந்தது, எப்படிக் கிடந்தது என்பதாக இருக்கும். அந்தப் பதிலுக்குள் என் கப் இருக்கலாம். சட்டம் எங்காவது வளைந்திருக்கிறதா, மோதின தடம் இருக்கிறதா என்று ஒரு நாள் முழுக்கக் கீழே படுத்து அளந்தேன். வளைவு இல்லை. ஆனால் வளைந்த சட்டத்தை யாரும் நிமிர்த்தியிருக்கலாம். பிறேக்கைக் கழற்றினேன். உள்ளே இருந்தவை கடையில் வாங்கிய பிற்காலக் கப்கள். அவை எனக்கு எதையும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் காலை கஜன் வந்து, ஏதும் தெரிந்ததா என்று கேட்டார். ஒன்றுமில்லை, பழைய திருத்த வேலைகள்தான் என்று சொன்னேன். அந்த லொறியைப் பற்றி நான் சொன்ன இரண்டாவது பொய்.

மறுநாள் விடிந்தால் மணல் அடிக்க வருவார்கள். அடித்துப் பூச்சும் பூசிவிட்டால் பென்சில் அளவும் இல்லை, மங்கல் எழுத்தும் இல்லை. நல்லூரில் ஒரு அழகான பச்சை லொறி நிற்கும், அவ்வளவுதான். அதற்காகத்தான் நான் காத்திருந்தேன் என்று இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு அப்படி நினைக்கவில்லை, நேரம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் கஜன் ஒரு தாளோடு திரும்பவும் வந்தார். லொறிக்குப் பக்கத்தில் வைக்கும் பலகையில் என்ன எழுதலாம் என்று கேட்டார். எந்த நாட்டு வண்டி, எத்தனை குதிரைச் சக்தி என்பதெல்லாம் எழுதியிருந்தார். பிறகு ஒரு யோசனையும் இல்லாமல் கேட்டார்.

"ஆர் ஓடினது எண்டு இனி ஒருத்தருக்கும் தெரியாதாக்கும், அங்கிள்?"

"தெரியும்" என்றேன்.

சொன்னபிறகுதான் சொன்னது விளங்கியது. அவர் தாளை மடித்து வைத்துவிட்டு என் எதிரே ஒரு ரயரின்மேல் இருந்தார். பிறேக்கைப் பற்றி மட்டும் சொல்லாமல் மற்றதெல்லாம் சொன்னேன். அவர் உடனே மணல் அடிப்பவர்களைத் தொலைபேசியில் அழைத்து, வரவேண்டாம் என்றார். பிறகு இரும்பு வியாபாரியை அழைத்தார். லொறி வன்னியில் ஒரு அரிசி ஆலைக்காரரிடமிருந்து வந்தது, அவர் இன்னும் இருக்கிறார் என்று தெரிந்தது. இரண்டு நாள் கழித்துக் கஜனின் காரில் போனோம். பாதையில் ஒவ்வொரு குளக்கட்டு வளைவையும் இதுவோ இதுவோ என்று பார்த்தேன்.

ஆலைக்காரர் எண்பதைத் தாண்டியவர். கால்கள் வீங்கி, சாய்மனைக் கதிரையில் கிடந்தார். லொறி என்றதும் அவருடைய முகம் இறுகியது. வழக்குப் போட வந்தவர்கள் என்று நினைத்தார். நாங்கள் அதற்காக வரவில்லை, ஓடினவருடைய மனைவி இருக்கிறார் என்று நான் சொன்னேன். அதன்பிறகுதான் கதைக்கத் தொடங்கினார்.

தன்னுடைய லொறி குண்டுபட்டு எரிந்துபோன காலம் அது என்றார். காட்டோரப் பாதையில் இந்த லொறி நின்றது. ஒன்றரை மாதம் போக வர அதைப் பார்த்தார். யாரும் தேடி வரவில்லை. மழைக்கு முன் எடுத்துவிட்டார். பிறகு தன் எரிந்த லொறியின் இலக்கத்தை இதில் அடித்தார். எடுத்தது பிழைதான், அந்தப் பிழை இவ்வளவு காலமும் நெஞ்சில் கிடக்கிறது என்றார்.

எப்படி நின்றது என்று கேட்டேன்.

"ஒழுங்கா நிண்டது, தம்பி. ரோட்டை விட்டு இறக்கி, மரத்துக்குக் கீழை. கைப்பிறேக் இழுத்திருந்தது. முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் கல்லுப் போட்டிருந்தது. பெட்டி வெறுமை, சாமான் மூடுற படங்கு மடிச்சு மூலையிலை கிடந்தது. ஸ்ராட் பண்ணுற திறப்பு மட்டும் இல்லை."

"கால்பிறேக்?"

"மிதிச்சால் நிண்டது. வயரைத் தொட்டு ஸ்ராட் பண்ணி, அந்தப் பிறேக்கோடைதான் ஆறு மைல் ஓட்டிக்கொண்டு வந்தனான்."

திரும்பும்போது எனக்கு மூச்சு நெஞ்சின் அடிவரை போய் வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் அப்படி மூச்சு விட்டதில்லை. கிளிநொச்சி தாண்டும்போதுதான் வெட்கம் வந்தது. என்னை விடுவித்த அந்தச் செய்தி பூமணி அக்காவுக்கு என்ன கொடுக்கும்? பாரத்தை இறக்கி, படங்கை மடித்து, நெல் ஏற்றப் போகும் வழியிலோ வீட்டுக்குத் திரும்பும் வழியிலோ ஒரு மனிதர் லொறியை நிறுத்தி, கல்லுப் போட்டு, திறப்பை எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு?

அடுத்த நாள் காலை உடுப்பிட்டிக்குப் போனேன். படலையைத் திறக்கக் கை வரவில்லை. பூமணி அக்கா முற்றத்தில் வெங்காயம் பரப்பிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். முகம் வெளிறிப்போனது. அது ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

முற்றத்திலேயே இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் லொறி, பிறகு ஆலைக்காரர், கடைசியில் கட்டை. விடியும்வரை வைத்திருக்க வேண்டியதை அரைமணித்தியாலத்தில் எடுத்ததும், பாஸுக்குப் பொய் சொன்னதும். முடிந்தபிறகு அவர் ஒன்று மட்டும் கேட்டார்.

"கல்லு ரெண்டு பக்கச் சில்லுக்கும் போட்டிருந்ததே?"

"ஓம் அக்கா. முன்னுக்கும் பின்னுக்கும்."

"அப்ப அவசரத்திலை இறங்கேல்லை."

கையிலிருந்த வெங்காயத்தின் தோலை உரித்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"நீர் சனிக்கிழமையளிலை வாறனீர். அவர் போன பிறகு ஒருநாளும் வரேல்லை. சந்தையிலை கண்டால் சைக்கிளைத் திருப்பிறீர். அவர் செத்ததை நீர் கண்டிருக்கிறீர், அதைச் சொல்ல ஏலாமல் திரியிறீர் எண்டுதான் நான் இவ்வளவு காலமும் நினைச்சனான். கேட்டால் சொல்லிப்போடுவீர் எண்ட பயத்திலை நானும் கேக்காமல் விட்டனான்."

மற்றவர்கள் சொன்ன கதை எதையும் அவர் நம்பியிருக்கவில்லை. அவரிடம் இருந்த ஒரே சாட்சி நான் சைக்கிளைத் திருப்பியது. அது பொய்ச் சாட்சி. நெற்றியில் பொட்டில்லாமல், ஒரு நிச்சயமும் இல்லாமல், என் முதுகைப் பார்த்தே ஒரு மனுசி தன் புருஷன் செத்துவிட்டான் என்று வாழ்ந்திருக்கிறார்.

கோபமில்லை என்று அவர் சொல்லவில்லை. உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. நான் போய்விட்டால் நல்லதோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தேத்தண்ணியோடு வந்தார். லொறியைப் பார்க்கவேண்டும் என்றார்.

கொடியேற்றத்துக்கு ஒரு கிழமைக்கு முன் தனியே பஸ்ஸில் கராச்சுக்கு வந்தார். லொறிக்குப் பச்சை பூசியாகிவிட்டது. பென்சில் எழுதிய பனஞ்சிலாகையும் தண்டவாளத் தகடும் இருந்தபடியே இருந்தன, அவற்றில் மணல் அடிக்க நான் விடவில்லை. கடைசி வேலையாகப் பிறேக் குழாய்க்குள் இருந்த காற்றை எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே இருந்து பெடலை மிதிக்க, மற்றவர் கீழே படுத்துக் காற்று வெளியேற நட்டைத் திறந்து பூட்டுவார். அன்று என்னோடு மிதிக்க ஆள் இல்லை.

"நான் மிதிக்கிறன்" என்றார் அக்கா.

அப்போது வந்துசேர்ந்த கஜன் கைகொடுத்து ஏற்றிவிட்டார். பூமணி அக்கா சேலையை ஒதுக்கிக்கொண்டு சாரதி இருக்கையில் இருந்தார். அந்த லொறியில் அவர் ஒருநாளும் அந்தப் பக்கம் இருந்ததில்லையாம். நான் கீழே படுத்தேன். மிதியுங்கோ, பிடியுங்கோ, விடுங்கோ என்று சொன்னேன். அவர் மிதித்தார், பிடித்தார், விட்டார். குமிழி வருவது நின்று எண்ணெய் மட்டும் வரும்வரை ஒவ்வொரு சில்லாகச் செய்தோம். கடைசிச் சில்லு முடிந்தபோது பெடல் கல்லுமாதிரி நிற்கிறது என்று மேலே இருந்து சொன்னார்.

லொறியை அவருக்கே தந்துவிடுகிறேன் என்று கஜன் சொன்னார். ஒழுங்கைக்குள் அது திரும்பாது, இங்கேயே நிற்கட்டும் என்று அக்கா மறுத்துவிட்டார். அப்படியென்றால் முன்கண்ணாடிக்கு மேலுள்ள நெற்றிப் பலகையில் தில்லையண்ணையின் பெயரை எழுதட்டுமா என்று கஜன் கேட்டார். இல்லாதவர்களின் பெயரை எழுதுவதுபோலத்தான் அவர் நினைத்துக் கேட்டார் என்று எனக்கும் தெரிந்தது, அக்காவுக்கும் தெரிந்தது.

"பேர் வேண்டாம் தம்பி" என்றார் அக்கா. "பழைய பிளேற் நம்பரைச் சரியா எழுதிவிடுங்கோ. அவர் வந்தால் நம்பரைப் பாத்துத்தான் தேடுவார்."

நம்பரை அவரே சொன்னார், ஒரு எழுத்துக்கும் யோசிக்கவில்லை. நான் எழுதினேன்.